அறைக்கு நாலு அக்கா-தங்கை!

கல்லூரி மாணவி என்றதும் பலருக்கு நினைவு வருவது சினிமாதான். மார்போடு அணைத்த இரண்டு நோட்டுப் புத்தகம், பின்னால் ஏழெட்டுத் தோழிகள், ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் கல்லூரிப் படிப்பும் முடிந்துவிடும்! அந்தப் பெண் பரீட்சை எழுதியதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

அமெரிக்க சினிமா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மாணவிகளுக்கு மாளிகை மாதிரி ஒரு வீடு. வாசலில் பெரிய கிரேக்க எழுத்துக்கள். உள்ளே ஒரே விருந்து, கும்மாளம். இப்படிப்பட்ட மாணவியர் சங்கத்துக்கு அங்கே "சொராரிட்டி" என்று பெயர்.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊரிலும் சிலர், "ஹாஸ்டலில் விட்டால் பெண் கெட்டுப் போவாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் எத்தனை பேர் ஒரு மாணவியர் விடுதியின் சாப்பாட்டு மணி அடிப்பதைக் கேட்டிருப்பார்கள்?

பெண்கள் கல்லூரியிலும் அதன் விடுதியிலும் உண்மையில் என்னதான் நடக்கிறது? தண்டையார்பேட்டையிலிருந்தே தொடங்கலாம்.

ஜெயில் இருந்த இடம்

காலை 8 மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எண்ணெய் டேங்கர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே பிராட்வே போகும் பஸ் ஊர்ந்து வருகிறது. பஸ்ஸில் பாதிக் கூட்டம் மாணவிகள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டில் பணம் போட்டிருக்காது; ஆனாலும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பெண்கள் பலர் போவது பாரதி மகளிர் கல்லூரிக்கு. 1964இல் தொடங்கிய அரசு கல்லூரி அது. அது நிற்கும் இடத்தின் கதை வேடிக்கையானது. முன்பு அங்கே சிறைச்சாலை இருந்தது! பக்கத்துச் சாலைக்குப் பழைய ஜெயில் ரோடு என்று பெயர் வந்ததும் அதனால்தான். கைதிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய இடத்துக்கு இன்று பெண்கள் முண்டியடித்துக்கொண்டு போகிறார்கள்.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி "புதுமைப் பெண்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கி வைத்ததும் இந்தக் கல்லூரியில்தான். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்துவிட்டு உயர் படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே சேரும் திட்டம் அது. பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் ஒரு ஹோட்டல் பில். மீன் கூடை சுமக்கும் தாயாரின் மகளுக்கு அது பரீட்சைக் கட்டணம், ஜெராக்ஸ், ஒரு ஜோடி செருப்பு.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்து போகிறவர்கள். வீடு என்றால் எப்படி? பத்துக்குப் பத்து அறை. அதற்குள்ளேயே அடுப்பு, பீரோ, டெலிவிஷன், தம்பி, பாட்டி. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு விளக்கைப் போட்டால், "கண்ணு கூசுது, அணைச்சிடு" என்று ஒரு குரல். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்க வேண்டும். அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் சோறு வடிப்பதும் அவள் வேலை. இவ்வளவுக்கும் பிறகு பஸ்ஸில் நின்றபடியே பொருளாதாரம் படிக்கிறாள்.

அவளைக் கரை சேர்ப்பது யார்? பக்கத்தில் நிற்பவள்தான். முதல் மணி வகுப்பைத் தவறவிட்டவளுக்கு நோட்டுக் கொடுப்பவள். டப்பா கொண்டு வராதவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பவள். கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள் என்று அழுகிறவளின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய், "ஆண்ட்டி, இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு" என்று கெஞ்சுகிறவள். இந்தச் சங்கத்துக்குப் பெயரும் கிடையாது, சந்தாவும் கிடையாது.

அக்கா என்று ஒரு சொல்

அமெரிக்கச் சங்கத்துக்குப் பெயர் உண்டு, சந்தாவும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் வெஸ்லியன் பெண்கள் கல்லூரி என்று ஒன்று. 1851இல் அங்கே சில மாணவிகள் கூடி ஒரு ரகசிய சங்கம் வைத்தார்கள். மாணவியர் சங்கங்களில் அதுவே முதல் என்று சொல்கிறார்கள். "சொராரிட்டி" என்ற சொல் பிற்பாடு வந்தது. ஆண்களின் சங்கத்துக்கு "பிரட்டர்னிட்டி" என்று பெயர். பெண்கள் கூடினால் அதையே சொல்லலாமா? 1874இல் சிரக்யூஸ் நகரத்தில் தொடங்கிய காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துக்கு, பிற்பாடு ஒரு லத்தீன் பேராசிரியர் புதுச் சொல் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார். "சொரார்" என்றால் லத்தீனில் சகோதரி.

விஷயம் என்னவென்றால், அங்கே அக்கா-தங்கை ஆவதற்குத் தேர்வு உண்டு! கல்லூரி திறக்கும் சமயத்தில் புது மாணவிகள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அவர்களோடு பேசிப் பார்த்து, பிடித்தவர்களை மட்டும் அழைக்கிறார்கள். பெண் பார்க்கும் சடங்கு நம் ஊரில்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம்.

கும்மாளமாவது உண்மையா? பாதிதான். பெரிய சொராரிட்டிகள் 26 சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அது 1902இல் ஏற்பட்டது. இந்தச் சங்கங்களின் வீடுகளில் மதுவுக்கு இடம் இல்லை. பல வீடுகளில் "ஹவுஸ் மதர்" என்று ஓர் அம்மாள் இருப்பார். ஆண் விருந்தாளிகள் எந்த அறைக்கு வரலாம், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் விதியாக இருக்கும். பெயரை மாற்றினால் நம் ஊர் வார்டன்தான்! விருந்துகள் நடப்பது பெரும்பாலும் ஆண்களின் சங்க வீடுகளில்.

தேர்வு என்று வந்துவிட்டால் யாரையாவது ஒதுக்குவதும் வந்துவிடும். கறுப்பு இனப் பெண்களை வெள்ளையர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1908இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர்கள் தாங்களே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1913இல் அதே இடத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டா என்று இன்னொன்றை ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த சில வாரங்களுக்குள், மார்ச் 3ஆம் தேதி, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டன் வீதியில் நடந்த பெரிய ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஒதுக்கல் பழங்கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல்தான் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை, நிறத்தைக் காரணமாக வைத்துப் பெண்கள் நிராகரிக்கப்படுவதை வெளியிட்டு நாடு முழுவதும் பேச வைத்தது.

ஹோவர்டில் 1908இல் பிறந்த அந்தச் சங்கத்தோடு நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி கமலா ஹாரிஸ் 1986இல் அதில் சேர்ந்தார். அவர் 2021இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோதும், 2024இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோதும், இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்திக்கொண்டு ஊர் ஊராக ஆதரவு திரட்டிய பெண்கள் அந்தச் சங்கத்து அக்கா-தங்கைகளே.

சென்னையின் சகோதரி

சென்னையில் அந்தச் சொல்லை லத்தீன் பேராசிரியர் யாரும் கொண்டுவரவில்லை. ஊரே ஓர் அம்மையாரைச் சகோதரி என்று அழைத்தது.

1886இல் பிறந்தவர் சுப்புலட்சுமி. சிறு பெண்ணாக இருக்கும்போதே கல்யாணம். விளையாடும் வயதிலேயே வைதவ்யம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவருடைய தகப்பனார் பெண்ணைப் படிக்க வைத்தார். 1911இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை ராஜதானியில் பட்டம் வாங்கிய முதல் ஹிந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே, எழும்பூரில் ஒரு வீட்டில், தம்மைப் போன்ற சில இளம் விதவைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு படிப்புச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிராமண விதவைகளுக்காக மட்டுமே ஏற்பட்ட இல்லம் அது. அந்தக் குறையை மறைப்பதில் பயன் இல்லை. பின்னால் அது கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போயிற்று. இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதே கட்டடம்தான்.

அங்கே தங்கிய பெண்கள் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். சம்பளம் வாங்கினார்கள். தலையில் முக்காடும் கையில் புத்தகமுமாகக் கடற்கரைச் சாலையில் அவர்கள் நடந்து போனதை அன்றைய சென்னை எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே கடற்கரையில் 1914 ஜூலையில் 37 மாணவிகளோடு ஒரு கல்லூரி தொடங்கிற்று. பிற்பாடு அதற்கு ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் வந்தது. டோரதி டி லா ஹே என்ற ஆங்கிலேய அம்மையார் அதன் முதல் முதல்வர். அடுத்த ஆண்டு, 1915இல், 41 மாணவிகளோடு கிறிஸ்தவ மகளிர் கல்லூரி தொடங்கிற்று. வெளியூரிலிருந்து பெண்ணைச் சென்னைக்குப் படிக்க அனுப்பலாம் என்ற தைரியம் குடும்பங்களுக்கு வந்தது இந்த மாதிரிக் கல்லூரிகளின் விடுதிகளால்தான். பாடம் நடத்த ஆள் கிடைத்துவிடும். ராத்திரி படுக்க இடம் எங்கே? பெண் படிப்பின் கதையில் பாதி இந்தக் கேள்விதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல் வாரம் அழுகை. இதில் ஏழை, பணக்காரி வித்தியாசம் இல்லை. ராத்திரி விளக்கு அணைந்த பிறகு தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். மற்ற மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் அவர்களும் அழுதுகொண்டிருப்பார்கள்!

அறைக்கு நாலு பேர். சில இடங்களில் எட்டு, பத்து. திருநெல்வேலிக்காரி "ஏளா" என்பாள். கோயமுத்தூர்க்காரி "ஏனுங்" என்பாள். ராயபுரத்துப் பெண் வாயைத் திறந்தால் "இன்னாடி" என்று வரும். முதலில் ஒருத்தி பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். தீபாவளி வருவதற்குள் நாலு பேரும் ஒரு கலப்படத் தமிழ் பேசுவார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போனால் பாட்டிக்கு ஒன்றும் புரியாது.

விடிந்தால் வாளி யுத்தம். குளியலறைக்கு முன்னால் ஆளுக்குப் பதில் வாளி வரிசையில் நிற்கும். வாளியை நகர்த்தியவளுக்கும் நகர்த்தப்பட்டவளுக்கும் நடக்கும் சண்டை, சாயங்காலம் ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைத் திறக்கும்போது சமாதானமாகிவிடும். அந்த டப்பா மறுநாள் காலி. "ஒரு மாசத்துக்கு வெச்சுக்கோ" என்று அம்மா சொல்லி அனுப்பியிருப்பார், பாவம்!

இஸ்திரிப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் தடை. ஆனால் எந்த அறையில் கெட்டில் இருக்கிறது என்பது வார்டனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அல்லது வார்டனுக்கும் தெரியுமோ என்னவோ!

பணம் கட்டிச் சாப்பிடும் கல்லூரி விடுதிகள் பலவற்றில் "டிவைடிங் சிஸ்டம்" என்று ஒரு முறை உண்டு. பெற்றோர் பலருக்கு இது புரிவதில்லை. மாதம் முழுவதும் அரிசி, மளிகை, காய்கறி, காஸ் எல்லாவற்றுக்கும் ஆன செலவைக் கூட்டி, எல்லா மாணவிகளும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். உதாரணமாக, செலவு 3 லட்ச ரூபாய். 100 பேர் 30 நாள் சாப்பிட்டிருந்தால் மொத்தம் 3,000 நாள். ஆகவே நாள் ஒன்றுக்கு 100 ரூபாய். ஊருக்குப் போன நாட்களை முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுக்க மறந்தவள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து விடுதியில் பணம் கட்டுவாள்.

இந்தக் கணக்கைப் பார்க்க மாணவிகளிலேயே ஒருத்தியை மெஸ் செயலாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் பாடு கஷ்டம். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தால் அவள் மேல் பாய்வார்கள். பருப்பு அதிகமாகிப் பில் ஏறினாலும் அவள் மேல்தான் பாய்வார்கள். 20 வயதில் நூறு பேருக்குச் சாமான் வாங்கிக் கணக்குக் காட்டி, சமையற்காரரிடமும் பேச்சு வாங்கி, தோழிகளிடமும் பேச்சு வாங்கியவளுக்குப் பிறகு எந்த ஆபீஸ் வேலையும் பெரிதாகத் தெரியாது.

ராத்திரி படிப்பு நேரம். பிறகு வருகைக் கணக்கு. ஒருத்திக்கு ஜுரம் என்றால் பக்கத்துக் கட்டில்காரி மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வருகிறாள். மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடப்பவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை, வெந்நீர் வந்துவிடும். வீட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் மறைக்க வேண்டியது இங்கே சாதாரண விஷயம். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவளுக்குப் புடவை ஒருத்தியுடையது, செருப்பு ஒருத்தியுடையது, கைக்கடிகாரம் இன்னொருத்தியுடையது. வேலை கிடைத்தால் அறையே ட்ரீட் கேட்கும்!

எல்லாம் தேன் என்று சொல்லிவிட முடியாது. பணம் காணாமல் போகும். நாலு பேரில் மூன்று பேர் சேர்ந்துகொண்டு நாலாமவளோடு பேசாமல் இருப்பார்கள். அந்தத் தண்டனைக்கு ஈடான தண்டனை வேறு இல்லை. வந்த அன்றே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஜாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பவளும் உண்டு.

ராகிங் என்னும் பேய்

புதிதாக வந்தவளைப் பாடச் சொல்வது, நடனம் ஆடச் சொல்வது, ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வைப்பது. மாணவியர் விடுதிகளில் ராகிங் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேடிக்கை எங்கே முடிந்து வதை எங்கே தொடங்குகிறது என்பது செய்கிறவர்களுக்குத் தெரியாது, படுகிறவளுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாடு இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டார். தமிழகமே பதறிற்று. அதன் விளைவாக 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். அது மாணவர் விடுதியில் நடந்தது; ஆனால் சட்டம் மாணவியர் விடுதிக்கும் பொருந்தும். அடி விழுந்தால்தான் ராகிங் என்பதில்லை. மனத்தைப் புண்படுத்தினாலும், அவமானப்படுத்தினாலும் ராகிங்தான்.

கேட்டுக்குப் பூட்டு

மாணவிகளைக் கேட்டால் அவர்களுடைய பெரிய குறை சாம்பாரைப் பற்றியதாக இருக்காது. கேட்டைப் பற்றியதாக இருக்கும்.

பல கல்லூரிகளில் மாணவர் விடுதிக் கதவு ராத்திரி வெகு நேரம் திறந்திருக்கும். மாணவியர் விடுதிக்கு மட்டும் இருட்டும் முன் பூட்டு. வெளியே போக "அவுட் பாஸ்". அதற்குப் பெற்றோர் கையெழுத்து. அழைத்துப் போக "லோக்கல் கார்டியன்". ஓட்டுப் போடும் வயது வந்த பெண்ணுக்குச் சோப்பு வாங்கவும் கையெழுத்து வேண்டும்!

பெற்றோரின் கவலையைக் கேலி செய்ய முடியாது. பெண்ணைக் கண்காணாத ஊரில் விட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரளும் தாயாருக்கு அந்தப் பூட்டு ஓர் ஆறுதல். ஆனால் அதே பூட்டினால், லைப்ரரி 9 மணி வரை திறந்திருந்தும் மாணவிக்கு அது 6 மணியோடு மூடிவிடுகிறது. ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி கற்க வேண்டியதை மருத்துவ மாணவி கற்க முடியாமல் போகிறது.

2015இல் டெல்லி மாணவிகள் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். "கூண்டை உடை" என்று பொருள்படும் "பிஞ்ச்ரா தோட்" அவர்கள் இயக்கத்தின் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறையும், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது.

பக்கத்துக் கேரளாவில் விஷயம் ஐகோர்ட்டு வரை போயிற்று. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. திருச்சூர் கல்லூரி ஒன்றில் விடுதி மாணவிகள் சாயங்காலக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் சினிமாவுக்குப் போகக்கூடாது என்று விதி. 2019 பிப்ரவரியில் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. மாணவனுக்கு உள்ள உரிமை மாணவிக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கு வந்தது. விடுதியில் சாயங்காலம் 6 மணி முதல் 10 மணி வரை செல்போனைத் தொடக்கூடாது என்றார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். செல்போனில் இணையத்தைப் பார்ப்பதும் படிப்பில் சேர்ந்தது என்று சொல்லி, அவரை மறுபடி சேர்க்க உத்தரவாயிற்று.

மூன்றாவது, 2022இல். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30க்கு மேல் வெளியே போகக்கூடாது என்பதை எதிர்த்தார்கள். தொல்லை கொடுப்பவர்கள் ஆண்கள். அப்படியிருக்கப் பெண்களைப் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்ற ரீதியில் நீதிபதி கேட்டார். வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் இதைக் கேட்டிருந்தால் வாயாடி என்றிருப்பார்கள்.

கேட் என்றதும் ராணி மேரிக் கல்லூரியைச் சொல்லாமல் விட முடியாது. 2003 ஏப்ரலில், புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக அந்தக் கல்லூரியை இடிக்கப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. மாணவிகள் கேட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போகச் சொன்னார்கள்; போகவில்லை! பழைய மாணவிகளும் ஆசிரியைகளும் பக்கத்தில் நின்றார்கள். பாட்டி படித்த கல்லூரியில் பேத்தியும் படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் சென்னையில் உண்டு. அவர்கள் சும்மா இருப்பார்களா? இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

தண்டையார்பேட்டைப் பெண்ணுக்கு விடுதி உண்டா?

வெளியூர்ப் பெண்ணுக்குத்தான் ஹாஸ்டல். உள்ளூர்ப் பெண்ணுக்கு எதற்கு என்பது பொதுவான எண்ணம். பத்துக்குப் பத்து அறையில், தம்பியின் டெலிவிஷனுக்கும் பாட்டியின் இருமலுக்கும் நடுவே படிக்கிறவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். ஆனால் மாணவியருக்கு இந்தத் தூரக் கணக்குப் பொருந்தாது! வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் மாணவியர் விடுதிகள் உண்டு. 2025 ஜூலையில் இந்த அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூக நீதி விடுதி என்று பொதுப் பெயர் வைத்தார்கள்.

தனியார் விடுதியில் சேர்ப்பதானால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் பெண்களுக்கான விடுதி நடத்துகிறவர் கலெக்டரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் அடுத்த விடுதிக்கு நடையைக் கட்டலாம்.

இடம் கிடைத்துவிட்டால் ஜாதிச் சான்று, வருமானச் சான்று, புகைப்படம் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, பெட்டி கட்டும் நாள் வரும். ஒரு வாளி, ஒரு மக், இரண்டு போர்வை, கொசுவலை. அலமாரிக்கு ஒரு பூட்டு. பூட்டு வாங்கும்போது சாவி இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்று அவளிடம் இருக்கும். இன்னொன்று, இரண்டு மாதத்துக்குள், பக்கத்துக் கட்டில்காரியிடம் இருக்கும்.